ஒரு வாளி இட்லி மாவும் பீமாவும்

வேலையில் தோற்றாலும் தோற்பேனே தவிர, சகலையிடம் தோற்க மாட்டேன். இது என் கொள்கை. (சிரிக்காதீர்கள். உங்கள் சகலை வீட்டு டிவி எத்தனை இஞ்ச் என்று உங்களுக்கும் தெரியும்.) என் மனைவி வித்யாவின் தங்கை காயத்ரி. அவள் கணவன் முரளி மெல்பர்னில், வெரிபீ பக்கம் புது வீடு கட்டி முடித்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் நாள் குறித்தார்கள். ஊரில் அது வைகாசி வெயில். இங்கே மூச்சு விட்டால் புகை வரும் குளிர்காலத்தின் தொடக்கம்.

அந்த விழாவில் ஒரே ஒரு சிக்கல், மன்னார்குடியில் இருந்த என் மாமியார். காயத்ரிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. நவம்பரில் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்ப வேண்டும். அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால்தான் அது நடக்கும். மாமியாரோ ஒரே போடாகப் போட்டுவிட்டார். "பசுவோ கன்னோ முதல்ல காலெடுத்து வைக்காத வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான். கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு இருந்தவர், விழாவன்று வீடியோவில் நேரடியாகப் பார்ப்பேன் என்றும் அறிவித்தார்.

முரளி அசரவில்லை. பக்கத்துப் பண்ணை ஒன்றில் பேசி, கறுப்பு வெள்ளைக் கன்றுக்குட்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். இந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கன்றே கொண்டுவருகிறான், நான் என்ன கொண்டுபோவது? வித்யாவிடமிருந்து போனை வாங்கி, வாய் தவறிச் சொன்னேன்:

"முரளி, டிபன் என் பொறுப்பு. அறுபது பேருக்கு இட்லி. மாவை இங்கேயே அரைச்சு எடுத்துட்டு வர்றோம்."

"அண்ணா, உங்க ஊர்லேர்ந்து இங்க தொள்ளாயிரம் கிலோமீட்டர்..."

"மெல்பர்ன் குளிர்ல உனக்கு மாவு பொங்கவே பொங்காதுப்பா."

இதில் விஞ்ஞானம் வேறு சொன்னேன். குளிரில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும். சனிக்கிழமை காலையில் அரைத்துக் கிளம்பினால் ஞாயிறு காலை வெரிபீயில் சரியான பதத்தில் நிற்கும். வித்யா என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பீமாவும் இருந்தான். மூன்று மாதக் கறுப்பு லாப்ரடார் குட்டி. தடுப்பூசி பாக்கி இருந்ததால் நாய் விடுதியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். முரளி அதுவரை இருந்த வாடகை வீட்டில் விருந்தாளிகள் தரையிலும் இடமில்லாமல் படுத்திருந்தார்கள். எனவே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதற்கு முன் நான் ஓட்டிய மிகப்பெரிய வண்டி எங்கள் கரோலா கார்தான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மூன்றுதான் நசுங்கியது. நாலாவதை பீமா கடித்து, முகம் சுளித்து, மறுபடியும் கடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே நான் வீட்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

இருபது லிட்டர் வாளியில் மாவு. சிந்தினாலும் கழுவிவிடலாம் என்று வித்யா அதை வண்டியின் குட்டிக் குளியலறையில் வைத்தாள். மூடியை லேசாக மூடி, எனக்கு இரண்டு கட்டளைகள் இட்டாள். மூடியை இறுக்கக்கூடாது. ஹீட்டர் போடக்கூடாது.

"சரி, சரி" என்றேன். இரண்டையும் செய்தேன்.

பீமா மூடியை நக்கிக்கொண்டே இருந்தான், அதனால் நாலு பக்கமும் தட்டி இறுக்கினேன். சனிக்கிழமை இரவு வழியில் சீமோரில், இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க் ஒன்றில் தங்கினோம். குட்டி நடுங்கினான், அதனால் ஹீட்டரை மெல்லிசாக வைத்தேன். (நானும் நடுங்கினேன். அதைக் காரணமாகச் சொன்னால் யார் இரங்குவார்கள்?)

ஞாயிறு விடிந்ததும் கதவைத் திறந்தேன். பீமா என் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடினான். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. நான் லுங்கியும் குரங்குக் குல்லாவும் ரப்பர் செருப்புமாக அவனைத் துரத்தினேன். அவன் ஒரு வாத்தைத் துரத்தினான். மூன்று பேரும் பார்க்கை இரண்டு முறை சுற்றினோம். பக்கத்து வண்டி வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த தாடிக்காரர் கோப்பையை உயர்த்தி, "நைஸ் ஸ்கர்ட், மேட்!" என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. இனி ஓடினால் சத்தம் கேட்கட்டும் என்று வித்யா பூஜைக்கு வைத்திருந்த சின்ன மணியை அவன் கழுத்தில் கட்டினாள். வண்டிக்குள்ளும் அவன் ஓடாமலிருக்க நான் அவனைக் குளியலறையில் வைத்துப் பூட்டினேன். மாவு அங்கேதான் இருக்கிறது என்பது எனக்கு நினைவிருந்தது. மூடிதான் இறுக்கமாக இருக்கிறதே என்ற தைரியம். ஹீட்டரை அணைக்க மட்டும் மறந்துபோனேன்.

மெல்பர்னைச் சுற்றிப்போகும் ரிங் ரோட்டில் பின்னாலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"டயர்ல கல்லு ஏறியிருக்கும்."

"கல்லு ஏறினா மணி அடிக்குமா?"

பத்தரைக்கு முகூர்த்தம். மணி பத்து. நிறுத்த நேரமில்லை. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

வெரிபீயில் ஒரே மாதிரி வீடுகள் நிற்கும் புதுத் தெருவில் வண்டியைத் திருப்பியபோது, முரளி பட்டு வேட்டியோடு வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் செத்திருந்தது. பண்ணைக்காரர் இப்போதுதான் கூப்பிட்டாராம். கன்றுக்கு வயிறு சரியில்லை, வராது. காயத்ரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா லைன்ல இருக்காங்கக்கா. என்ன சொல்றது? இனிமே வரவே மாட்டாங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சகலை தோற்றான்! அடுத்த கணமே அவள் அழுவதைப் பார்த்து வெட்கமாகப் போய்விட்டது. நானாவது இட்லியால் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று குளியலறைக் கதவைத் திறந்தேன்.

கூரையிலிருந்து மாவு சொட்டியது. சுவரில் மாவு, கண்ணாடியில் மாவு. வாளி அரைகுறையாக இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பீமா. முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு, வயிற்றில் ஒன்று, நெற்றியில் நட்சத்திரம் போல ஒன்று. மீதி கறுப்பு. என்னைப் பார்த்து ஒரு ஏப்பம் விட்டான். அப்புறம் பாய்ந்தான்.

"பீமா! டேய்!"

வாசலில் கன்றுக்காக மாவிலை கட்டி, கோலம் போட்டு, எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டு நின்றார்கள். அந்த வழியை அவன் வீணாக்கவில்லை. கணகணவென்று மணி ஒலிக்க, கோலத்தைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, நேராகக் கூடத்துக்குள் போய்விட்டான். தரையெல்லாம் வெள்ளைக் காலடிகள். குருக்கள் பழக்கதோஷத்தில் அட்சதை தூவிவிட்டார்.

அப்போது வீடியோ போன் பக்கத்து வீட்டு யோகன் அண்ணை கையில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அதிலிருந்து மாமியாரின் குரல் தழுதழுத்தது:

"கன்னுக்குட்டி! மகராசி, என்ன துடியா ஓடுது! காயத்ரி, நான் வர்றேன்டி. டிக்கெட் போடு!"

யோகன் அண்ணை எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். காயத்ரியின் முகத்தையும் பார்த்தார். போனை நைசாகக் கூரைப் பக்கம் திருப்பினார்.

"ஓம் அன்ரி, கன்றுதான். நல்ல சாதிக் கன்று. இப்ப உள்ளுக்குப் போயிட்டுது" என்றார், பொய்யே தெரியாதவர் மாதிரி.

அன்று அறுபது பேருக்கும் உப்புமா. என் வாழ்க்கையில் அவ்வளவு மௌனமாக உப்புமா தின்ற கூட்டத்தைப் பார்த்ததில்லை. எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் கூரையில் காய்ந்த மாவை நானும் முரளியும் சேர்ந்து தோசைத் திருப்பியால் சுரண்டினோம். அவன் ஒரு வார்த்தை குத்தவில்லை. கடைசியில் மட்டும், "கன்னு ஏற்பாடு பண்ணது நான், கொண்டுவந்தது நீங்க" என்றான். அவன் என்னிடம் தோற்றதாக ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். கொண்டாடத்தான் முடியவில்லை.

நவம்பரில் மாமியார் வந்தார். நாங்களும் காரில் வெரிபீ போனோம். பீமா அதற்குள் காயத்ரியின் சோபா உயரத்துக்கு வளர்ந்திருந்தான். வாலை ஆட்டிக்கொண்டு உரிமையோடு நிலைப்படியில் காலை வைத்தான்.

"மாப்பிள்ளை, நாயை வெளியில கட்டுங்க. கன்னு மிதிச்ச வீடு இது!"

வித்யா அடுப்பங்கரைக்கு ஓடினாள். முரளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. யோகன் அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து, இல்லாத களையைப் பிடுங்கினார். நான் பீமாவைத் தோட்டத்தில் கட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் எதையாவது பெருமையாகத் திட்டம் போட ஆரம்பித்தால், வித்யா, "முதல்ல ஹீட்டரை அணைச்சீங்களா?" என்பாள். மாமியாருக்கு விஷயம் இன்றுவரை தெரியாது. அந்த நவம்பரில் வந்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் கொடுத்து, பண்ணைக்குப் போய் அந்தக் கன்றுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நான் தோட்டத்துப் பக்கமாக வெளியே போய், அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தேன்.

"சாப்பிட்டுச்சா மாப்பிள்ளை?"

"தோலோட சாப்பிட்டுச்சு அத்தை. வாலை ஆட்டிக்கிட்டே."

அந்த விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.