பிறவாதோர் இருக்கை

நெடுமருத நாட்டின் மந்திரிசபை கூடிய அந்தக் காலையில் மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். வடக்கே உயர்ந்த ஆசனத்தில் மன்னர் அகண்ட பராக்கிரமர். அவருக்கு வலப்பக்கம், அவர் காதுக்கு எட்டும் தூரத்தில், பேரமைச்சர் நம்பியண்ணர். இடப்பக்கம் படைத்தலைவர் உதிரமார்பர். உட்கார்ந்தபடி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியவர். கிழக்கிலும் மேற்கிலும் வரிசை வரிசையாகச் சபையோர். தெற்கு வாசலில் வேல்காரர்கள். வாசலுக்குப் பக்கத்தில் தரையில், சாய்வுப்பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, அரசாணைகளை எழுதும் சிவந்தி. நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. பலகை வயிற்றில் இடித்ததால் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். இவர்கள் எல்லாருக்கும் நடுவில், சாய்மானம் இல்லாத ஒரு மர இருக்கை. அதில் யாரும் இல்லை.

அந்த இருக்கை பிறக்காதவர்களுக்கு உரியது. நெடுமருதத்தில் முதலில் குடியேறியவர்கள் அப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்துப் போயிருந்தார்கள். ஆற்றிலோ மலையிலோ சுனையிலோ கை வைப்பதானால் அந்த இருக்கையின் சம்மதம் வேண்டும். அன்றன்றைக்குச் சீட்டு எடுப்பார்கள். பெயர் வந்தவர் தலைப்பாகையையும் செருப்பையும் கழற்றிவிட்டுப் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கும்வரை அவர் அவரல்ல. முதலில், "நான் இன்னும் பிறக்கவில்லை" என்று சொல்லுவார். பிறகு, "நான் வரும்போது எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?" என்று கேட்பார். அதற்கு மன்னர் தம் வாயால் பதில் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு. அங்கே பேசிய பேச்சுக்காகப் பேசியவரை யாரும் தொடக்கூடாது. பேச்சு அவருடையது அல்ல, வரப்போகிறவருடையது.

இதனால் நெடுமருதத்தில் எந்தக் காரியமும் சட்டென்று நடந்ததில்லை. ஒரு பாலம் கட்ட ஒரு தலைமுறை ஆயிற்று. ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடியது.

பராக்கிரமர் பட்டத்துக்கு வந்ததும், இந்த மந்தம் நாட்டுக்கு அவமானம் என்று பேரமைச்சர் கண்டுபிடித்துச் சொன்னார்.

"மகாராஜா, சீட்டுக் குலுக்கி வர்ற ஆளுக்குப் பிறக்காதவங்க மனசு என்ன தெரியும்? நிரந்தரமா ஒருத்தரை நியமிப்போம். அனுபவஸ்தரா இருக்கணும்."

"யாரு?"

"வீரபூதர். மணல் குத்தகைக்காரர். இரண்டு கை விரலுக்கும் அடங்காத பிள்ளை பெத்தவர். பிறக்கிறதைப் பத்தி அவருக்குத் தெரியாததா?"

வீரபூதர் இருக்கையில் அமர்ந்தார். அவருடைய உடம்பு வசதிக்காக அதன்மேல் பட்டுத் திண்டு போட்டார்கள். கேள்வி கேட்கும் சடங்கு நேரத்தை வீணாக்குவதாக ஓர் ஆணை வந்து அதை நீக்கியது. அந்த ஆணையை எழுதியதும் சிவந்திதான். அழகான கையெழுத்து என்று பேரமைச்சர் பாராட்டினார்.

முதலில் கொற்றாற்றின் மணல் முழுவதும் குத்தகைக்குப் போயிற்று. "ஆறு ஆழமானால் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பிறக்காதவர்கள் சார்பில் மனதார வரவேற்கிறேன்" என்றார் வீரபூதர். ஆறு ஆழமாயிற்று. தண்ணீர் அதைவிட ஆழத்துக்குப் போயிற்று. கரையோரக் கிணறுகளில் கயிற்றை நீட்டி முடிச்சுப்போட்டார்கள், பிறகு மறுபடியும் முடிச்சுப்போட்டார்கள்.

அடுத்து மலைக்காடு. "மழை மேகத்திலிருந்து வருகிறது. மரத்திலிருந்து மழை வந்ததை யாராவது பார்த்ததுண்டா?" என்று வீரபூதர் கேட்டார். யாரும் பார்த்ததில்லை. காடு போயிற்று. அந்த வருஷ மழையில் மலைச்சரிவு சேறாக வழிந்து மேலூரின் பாதி வீடுகளை மூடியது. மறுவருஷம் மழையே இல்லை. மண்சரிவு நின்றுவிட்டதை அரசின் சாதனையாக முரசறைந்தார்கள்.

கிணறுகள் வற்றின. வற்றிய கிணறு என்று இந்த நாட்டில் எதுவும் கிடையாது, ஓய்வில் இருக்கும் கிணறுதான் உண்டு என்று ஆணை வந்தது. சிவந்தியின் பக்கத்து வீட்டு எட்டியம்மை குடத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, "ஓய்வா? செத்துல்ல கிடக்கு!" என்று சிரித்தாள். அன்று மாலை அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவள் குடம் கிணற்றடியிலேயே கிடந்தது. குடம் இல்லாத வீடுகள் அந்தத் தெருவில் எத்தனையோ உண்டு. ஒருவரும் அதைத் தொடவில்லை. அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்தினார்கள்.

மிச்சம் இருந்தது தலைச்சுனை ஒன்றுதான். மலை உச்சியில் பாறை இடுக்கில் ஊறுவது. நாடு முழுவதும் குடிக்க அதுவே. சிவந்தியின் கணவன் மாடன் கருக்கலில் மலையேறி, வெயில் ஏறுவதற்குள் ஒரு குடத்தோடு இறங்குவான்.

"இன்னிக்குச் சபையில சுனையைப் பத்திப் பேச்சாமே?" என்று அன்று காலையில் கேட்டான்.

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் கேக்குறேன். வித்துட்டாங்கன்னா உனக்குப் பேறுகாலத்துக்குத் தண்ணி? புள்ளையைக் கழுவ?"

"நான் எழுதுறவ. பேசுறவ இல்லே."

"அப்போ தப்பா எழுதிட்டு வாயேன்" என்றான் மாடன். சிரிக்கத்தான் சொன்னான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் பார்வை சுவர் தாண்டிக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பியது.

சபையில் பேரமைச்சர் எழுந்தார்.

"மகாராஜா, அயல்நாட்டுச் சாயப்பட்டறை வணிகர்கள் தலைச்சுனையைக் குழாய் வைத்துக் கொண்டுபோக ஒப்பியிருக்கிறார்கள். மிகவும் பொறுப்பான மனிதர்கள். நெருடலாக ஒன்றே ஒன்று. பிறக்காதவர்களின் ஒப்புதல் முத்திரை இல்லாமல் ஒரு சொட்டையும் வாங்க மாட்டார்களாம். அவர்கள் ஊரில் துணி வாங்குகிறவர்கள் அதைக் கேட்கிறார்களாம்."

"வீரபூதரைப் போடச் சொல்லு" என்றார் மன்னர்.

"அவர் குடும்பத்தோடு அயல்நாட்டுக்குக் குடிபோய்விட்டார், மகாராஜா."

"ஏன்?"

பேரமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவருடைய கிணறு ஓய்வில் இருக்கிறது."

சபையோர் எல்லாரும் அவரவர் மடியைப் பார்த்தார்கள். இருக்கையில் போய் உட்கார ஒருவருக்கும் துணிவில்லை. சம்மதம் சொன்னால் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது. மறுத்தால் வீட்டுக்கே போக முடியாது. பேரமைச்சரின் கண்கள் வரிசையாக ஒவ்வொருவர் மேலும் ஊர்ந்து வந்து, கடைசியில் வாசலோரம் நின்றன. சிவந்தி எழுதுகோலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மகாராஜா, இதோ இருக்கிறாள். பிறக்காதவரைக் கையோடு கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். இதைவிடப் பொருத்தமான ஆள் ஏது?"

சபை சிரித்தது. தப்பித்தவர்களின் சிரிப்பு, கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

"ஐயா, நான் எழுதுறவளுங்க" என்றாள் சிவந்தி.

"பேச வேண்டாம் அம்மா. போய் உட்காரு, 'சம்மதம்' என்று சொல்லு, திரும்பி வந்து எழுது. எழுந்து நடப்பது உன் உடம்புக்கும் நல்லது."

அவள் கையை ஊன்றி எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். வாசலிலிருந்து நடுவுக்கு வரும் தூரம் அவளுக்கு மலை ஏறுவதுபோல் இருந்தது. பட்டுத் திண்டு வழுக்கியது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மரத்தில் உட்கார்ந்தாள். சம்மதம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகத்தான் அவள் நினைத்தாள். ஆனால் அந்த மரத்தில் உட்கார்ந்தவர்கள் முதலில் சொல்ல வேண்டியதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, வாய் தானாகவே வேறு வழியில் போயிற்று.

"நான் இன்னும் பிறக்கவில்லை" என்றாள்.

உதிரமார்பர் விழித்துக்கொண்டார்.

"அந்தச் சடங்கெல்லாம் நீக்கியாயிற்று" என்றார் பேரமைச்சர்.

சிவந்தி கைகளை மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "நான் வரும்போது எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

வேல்காரர்களில் ஒருவன் வாசல் கதவை மெல்லச் சாத்தினான். மன்னர் பேரமைச்சரைப் பார்த்தார். பேரமைச்சர் கூரையைப் பார்த்தார். பராக்கிரமர் வாயைத் திறந்தார், 'ஆறு' என்று சொல்லப்போவதுபோல் உதடு அசைந்தது, மூடினார். மறுபடி திறந்தார்; மூடினார். மனப்பாடம் மறந்த பள்ளிக்கூடத்துப் பையனைப்போல அவர் முகம் வியர்த்தது.

"பிடிங்கடா அவளை!" என்றார் உதிரமார்பர்.

"முடியாது, தலைவரே" என்றார் பேரமைச்சர் அமைதியாக. "அங்கே உட்கார்ந்து பேசியவரைத் தொடக்கூடாது. கேள்வியை நீக்கினோம், இந்த விதியை நீக்க மறந்துவிட்டோம். சட்டம் சட்டந்தான். பேசியது இவள் அல்ல."

சிவந்திக்கு அரை மூச்சு வந்தது.

"பேசியது பிறக்காத ஒருவர். ராஜத்துரோகம் செய்தவர் அவர். ஆகவே வழக்கு அவர்மேல்."

மன்னரின் முகம் தெளிந்தது. "பிறக்காதவன்மேல் வழக்குப் போடலாமா?"

"அவர் சார்பில் சம்மதம் வாங்கலாம் என்றால் அவர்மேல் வழக்கும் போடலாம், மகாராஜா. குற்றம் சாட்டப்பட்டவர் சபையில் உட்கார முடியாது. ஆகவே அந்த இருக்கையும் நீக்கம். இருக்கையே இல்லாதபோது ஒப்புதல் முத்திரையைச் சபையே குத்திக்கொள்ளலாம்." அவர் சிவந்தியின் பக்கம் திரும்பி அன்போடு சொன்னார்: "நீ எழுந்து வா அம்மா. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வந்து அழைப்பாணையை எழுது."

"என் புள்ளை ஐயா அது!"

"அதனால்தான் உன் கையால் எழுதச் சொல்கிறேன். எழுத்து அழகாக இருக்கும்."

வேல்காரர்கள் அவளைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் கூடவே நடந்து வந்து பலகை முன்னால் நின்றார்கள். பேரமைச்சர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"பிறக்கப்போகிறவருக்கு. அரசசபையில் கேட்கக்கூடாததைக் கேட்டு நாட்டின் வளர்ச்சிக்கு ஊறு செய்தமைக்காக, நீர் பிறந்தவுடன் நேரில் வந்து விளக்கம் தரவேண்டியது. தவறினால் நீர், மண், நிழல் ஆகியவற்றில் உமக்குள்ள பங்கு முழுவதும் பறிமுதல் செய்யப்படும். பெயர்..."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "பேர் இன்னும் வைக்கலைங்க."

"இடத்தைக் காலியாக விடு. அது பொது இருக்கை. ஒருவர் கேட்டால் எல்லாரும் கேட்டதாகத்தான் அர்த்தம். யார் பிறந்தாலும் பொருந்தும்."

ஆணையை மடித்து அரக்கை உருக்கி ஊற்றினாள். ஒட்டாமல் இருக்க முத்திரையை நனைத்துக்கொள்ள வேண்டும். பலகைமேல் இருந்த கிண்ணம் காய்ந்து கிடந்தது. "கொஞ்சம் தண்ணி வேணுங்க" என்றாள். மன்னர் பக்கத்தில் வெள்ளிக் குவளை இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பராக்கிரமர் குவளையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

சிவந்தி முத்திரையை நாக்கில் ஒற்றிப் பார்த்தாள். நாக்கும் காய்ந்திருந்தது. இரண்டாம் தடவை ஒற்றியபோது கொஞ்சம் ஈரம் வந்தது. அரக்கின்மேல் அழுத்தி எடுத்தாள்.

அஞ்சல் ஓட்டக்காரன் வந்து கையை நீட்டினான். ஆணையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"ஊர் எழுதலையே, அக்கா?"

"சொல்லலை."

"நாடாவது?"

அவள் பேரமைச்சரைப் பார்த்தாள். அவர் மன்னரிடம் குனிந்து குழாய்களின் நீளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

"அதுவும் சொல்லலை" என்றாள். "எங்கெங்கே பிள்ளை பிறக்கப்போகுதோ, அங்கெல்லாம் காட்டணும்னு நினைக்கிறேன்."

ஓட்டக்காரன் அதைப் பையில் போட்டு வாரை இறுக்கிக்கொண்டு, எல்லைக்குப் போகும் சாலையில் ஓடத் தொடங்கினான்.