டெம்ப் ஃபைலில் வந்த மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக "இடம் இல்லை" என்றதும் சக்கரபாணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

மகள் வாணி காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "எல்லாத்தையும் மூடிட்டு டெம்ப் ஃபோல்டரத் திறங்க. மொத்தமா செலக்ட் பண்ணி டெலிட் குடுங்க. அழியாதுன்னு சொல்றத ஸ்கிப் பண்ணிட்டு விட்டுடுங்க. அப்புறம் ரீசைக்கிள் பின்னக் காலி பண்ணுங்க. அவ்ளோதாம்ப்பா. ஒண்ணொண்ணா திறந்து மட்டும் பாக்காதீங்க!"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சக்கரபாணிக்கு அரசு அலுவலக ஆவண அறையில் வேலை. புரட்டிப் பார்க்காமல் ஒரு தாளைக்கூட அவர் கழிவுக்கு அனுப்பியதில்லை. 'தற்காலிகம்' என்று எழுதிய கட்டுக்குள்தான் ஊர்ப்பட்ட வில்லங்கமும் ஒளிந்திருக்கும் என்பது அவர் அனுபவம்.

ஒன்றைத் திறந்தார். புரியாத எழுத்துகள். அடுத்ததில் ஒரு ஜாக்கெட்டின் முதுகு, பாதி மட்டும். அதற்கடுத்ததில் கால்வாசி நண்டு மசாலா. சுவாரசியம் தட்டிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, அழிப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து டெஸ்க்டாப்பில் அடுக்கினார். கம்ப்யூட்டருக்கு இன்னும் மூச்சு முட்டியது.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான்.

நீலக் கோட்டு, டை, அடர்ந்த தலைமுடி, அரிவாள் மீசை. நெஞ்சு வரைக்கும்தான் படம். தோளருகே வெட்டுப்பட்டு ஒரு மல்லிகைச் சரம் தொங்கியது.

யாருடா இவன்?

அடுத்த ஃபைலைத் திறந்தார். கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை இரவு இருவருக்கு மேசை. பதிவு செய்தவர், கலைவாணி. அதற்கடுத்து ஒரு மோதிரம். ஆண்கள் அளவு.

சக்கரபாணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரே பெண். அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலா இத்தனையும்?

போன் போட்டார். "வாணி, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கு மேஜை சொல்லியிருக்கியே, யாருக்கு?"

"ஐயோ அப்பா! திறந்து பாக்காதீங்கன்னு சொன்னேன்ல? ஒண்ணும் கேக்காதீங்க, எல்லாம் கெட்டுப்போவும்!"

போனை வைத்துவிட்டாள்.

பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் பையோடு வந்த மனைவி துர்காவை அவர் வாசலிலேயே மடக்கினார். "இங்க வந்து பாரு. இவன் யாருன்னு தெரியுதா?"

துர்கா திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியலயா?"

"எனக்கெப்படித் தெரியும்? உம் பொண்ணு டெம்ப்புல ஒளிச்சி வச்சிருக்கா!"

"நல்லாத்தான இருக்காரு."

"இருக்காரா? மரியாத வேறயா! முழியப் பாரு, கோழி திருடினவன் மாதிரி. இந்த மூஞ்சிக்குக் கோட்டு ஒரு கேடு."

"அந்த முழிதாங்க எனக்குப் பிடிக்கும்."

"பிடிக்குமா? அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்!"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"இவனெல்லாம் பொண்டாட்டிய வச்சிக் காப்பாத்துற ஆளா, துர்கா?"

"சிடுசிடுன்னு விழுவாரு. மத்தபடி நல்லாக் காப்பாத்துவாரு" என்றபடி அவள் மீன் ஆய உள்ளே போய்விட்டாள்.

ஆக, தாயும் மகளும் கூட்டு. சாட்சிக்காகப் படத்தைப் பிரின்ட் எடுக்கப் பார்த்தார். 'இடம் இல்லை.' சரி, இவனே வேண்டாம் என்று மொத்தத்தையும் செலக்ட் பண்ணி டெலிட் கொடுத்தார். எல்லாம் போயிற்று, நீலக் கோட்டுக்காரன் மட்டும் போகவில்லை. படம் திறந்தே கிடந்தால் எப்படிப் போகும்? 'பயன்பாட்டில் உள்ளது' என்றது கம்ப்யூட்டர்.

"யாரு பயன்பாட்டுலடா?" என்று கத்திவிட்டு சக்கரபாணி பிளக்கைப் பிடுங்கினார். இருண்ட திரையில் அவருடைய வழுக்கைத் தலை மட்டும் மின்னியது.

காலிங்பெல் அடித்தது. தெருக்கோடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பலராமன். கையில் பழுப்புத்தாள் சுற்றிய பெரிய சட்டம்.

"அக்கா இல்லீங்களா சார்? ஃபோட்டோ ரெடி."

தாளின் கிழிசலில் நீலக் கோட்டு தெரிந்தது.

சக்கரபாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பலராமா, உண்மையச் சொல்லு. இந்தப் பையன் யாரு? எந்த ஊரு?"

பலராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், உங்க கல்யாண ஃபோட்டோ சார் இது! ஞாயித்துக்கிழமை உங்க கல்யாண நாளாமே, அக்கா கேட்டாங்கன்னு கோட்டு மாட்டி விட்டேன். அந்த முழிய மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடவான்னேன், 'அதுல கைய வைக்காதீங்க, அதப் பாத்துத்தான் நான் சரின்னே சொன்னேன்'னுட்டாங்க."