ஊறுகாய் ஜாடியில் ஒரு கிக்கர்

செவ்லியேவோ,
அக்டோபர் 9

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய சகலை மின்கோ அவர்களுக்கு,

ராச்கோ எழுதுவது. இங்கு நான், வெலிகா, மகன், மருமகள் லீலியா, பேத்தி யோவானா, பதினோரு கோழிகள் ஆகிய அனைவரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கு தாங்களும், மகள் ஸ்னேஜாவும், மாப்பிள்ளையும் எட்டாவது மாடியில் நல்ல தேக ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போன் செய்தால் தாங்கள் "ம்" என்று ஒரு முறையும் "சரி" என்று ஒரு முறையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறபடியால் கடிதம் எழுத நேர்ந்தது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்று நம்புகிறேன்.

விஷயம் அவசரமானது. சென்ற மாதம் வெலிகா சோஃபியா பஸ்ஸில் ஓர் அட்டைப் பெட்டி அனுப்பினாள் அல்லவா? பன்னிரண்டு ஜாடி ஊறுகாய். அதில் ஒன்று ஊறுகாய் அல்ல. தயவுசெய்து யாரும் அதைத் தின்ன வேண்டாம். அதில் வினிகரில் ஊறிக்கொண்டிருப்பது நம் மோட்டார் சைக்கிளின் கிக்கர் பல்சக்கரம்.

ஆமாய்யா, நம்ம மோட்டார் சைக்கிள்தான். முன்சக்கரம் உன்னோடது, பின்சக்கரம் என்னோடதுன்னு லாரி ஷெட்டுல வேலை பார்த்த காலத்துல ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினோமே, அதே பால்கன் வண்டி. முப்பது வருஷமா என் கோழிக் கூண்டுக்குள்ளதான் நிக்குது. நீ மறந்திருப்பே. நானும் மறந்துதான் போயிருந்தேன். இந்த வசந்தத்துல ரிட்டயர் ஆனதும், வீட்டுல சும்மா உக்காந்தா வெலிகா என் கையில மண்வெட்டியைக் குடுத்துடுவாளேன்னு பயந்து, கூண்டுக்குள்ள போய் அதை வெளிய இழுத்தேன். சீட்டு மேல ஒரு கோழி முட்டையில உக்காந்திருக்கு. "அதை எழுப்பினீங்க, அப்புறம் நான் எழுந்திருக்க மாட்டேன், சமையல் நீங்கதான்"ன்னா வெலிகா. இருபத்தோரு நாள் காத்திருந்தேன், சகலை. குஞ்சு பொரிச்சுது, ஒன்பது. அதுக்கப்புறம் குஞ்சுங்க சின்னதா இருக்குன்னு இன்னும் ரெண்டு வாரம். ஒரு கோழிக்கிட்ட அனுமதி வாங்கி வண்டி ரிப்பேர் பார்த்தவன் இந்த நாட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அப்புறம் இன்ஜின். வீட்டுக் கொட்டகையில மழை ஒழுகுது, அதனால சமையலறை மேஜையில வெச்சேன். யோவானா பள்ளிக்கூடப் புத்தகத்தை ஒரு ஓரத்துல வெச்சுக்கிட்டுப் படிக்கிறா, நடுவுல சிலிண்டர், இந்தப் பக்கம் லீலியா மாவு பிசையறா. "மாமா, உங்க பிஸ்டனை எடுங்க, பூரிக்கட்டை வைக்க இடமில்லை"ம்பா. எடுத்து ஜன்னல்ல வெச்சா வெலிகா, "என் பூச்செடிக்கு வெயில் படலை"ம்பா. இன்ஜின் கூட்டைச் சூடு பண்ணினாத்தான் பேரிங் உள்ள உக்காரும், அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வீட்டுல இருக்கற பொம்பளைங்களுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை சம்பந்தியம்மா விருந்துக்கு வர்றாங்கன்னு லீலியா பாலாடைக்கட்டி வெச்ச பனித்சா ரொட்டியை ஓவன் அடுப்புல வெச்சுட்டுக் குளிக்கப் போயிருந்தா. அடுப்பு சூடாத்தானே இருக்கு, வீணா எதுக்குன்னு கீழ்த்தட்டுல என் கூட்டையும் வெச்சேன். பேரிங் வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. மேஜையில சம்பந்தியம்மா ரெண்டு துண்டு தின்னு, வாயைத் துடைச்சு, "அபாரம், இதுல என்ன எண்ணெய் ஊத்தினே?"ன்னு கேட்டாங்க. லீலியா என்னைப் பார்த்தா. நான் தட்டைப் பார்த்தேன். என் மகன் எழுந்து வெளிய போய்ச் சிரிச்சுட்டு வந்தான். அன்னியிலேர்ந்து அடுப்புக் கதவுல ஒரு பூட்டு தொங்குது.

டேங்குக்கு பெயிண்ட் அடிச்ச கதையைச் சொன்னா நீ நம்ப மாட்டே. நல்ல சிவப்பு, நம்ம பழைய சிவப்பேதான், தேடிப் பிடிச்சு வாங்கினேன். செப்டம்பர் மாசம் முற்றத்துல காத்து இல்லாத நாளாப் பார்த்து அடிச்சு, கயித்துல தொங்கவிட்டுட்டு, ஒரு கண் அசந்தேன். அதே நாளாப் பார்த்து இவங்க நாப்பது கிலோ குடைமிளகாயைக் கொண்டாந்து அடுப்புல சுட்டுத் தோலுரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. முழிச்சுப் பார்த்தா என் டேங்க் பூராவும் மிளகாய்த் தோல் ஒட்டிக்கிட்டிருக்கு. "இப்ப என்ன, அதுவும் சிவப்புதானே"ன்னு வெலிகா சொல்றா, மனசாட்சியே இல்லாம! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி அடிச்சேன். இடது பக்கம் ஒரு துண்டு மட்டும் உள்ளேயே தங்கிப்போச்சு. தடவினா தெரியும். வந்து பார்த்தா காட்டறேன்.

இப்ப ஜாடி விஷயத்துக்கு வர்றேன். துருப்பிடிச்ச சாமானை வினிகர்ல போட்டா துரு கழண்டுடும். போல்ட், நட்டு எல்லாத்தையும் ரெண்டு ஜாடி, கிக்கர் பல்சக்கரத்தைத் தனியா ஒரு ஜாடி, ஆக மூணு ஜாடி போட்டு நிலவறைத் தட்டுல வெச்சேன். நம்ம வீட்டு நிலவறை உனக்குத் தெரியுமே, தட்டு தட்டா நூத்தம்பது ஜாடி. எல்லாத்துக்கும் அதே கண்ணாடி, அதே வினிகர். இவ வழக்கம்போலக் கண்ணை மூடிக்கிட்டு பன்னிரண்டை எடுத்துப் பெட்டியில அடுக்கி, சோஃபியாவுல பிள்ளைங்க பட்டினி கிடக்கற மாதிரி பஸ் ஏத்திட்டா. இப்ப எண்ணிப் பார்த்தா ரெண்டு ஜாடிதான் இருக்கு. பல்சக்கர ஜாடி உன் வீட்டுல. நீல மூடி. உள்ள காலிஃபிளவர் மாதிரி எதாவது தெரிஞ்சா அது காலிஃபிளவர். எதுவும் மிதக்காம அடியில ஒண்ணு கிடந்தா அதுதான். ஸ்னேஜா குப்பையில போட்டுடாம பார்த்துக்கோ.

அதை எப்படிக் கொண்டாறணும்னு சொல்றேன், கவனமாக் கேளு. பஸ் டிரைவர் கையில குடுத்தனுப்பாதே. போன வருஷம் உனக்கு அனுப்பின தக்காளி ஜாடி யாரோ ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போய், அவர் நன்றி சொல்லிக் கடுதாசி போட்டார். தபால்லயும் வேண்டாம், உடையும். வினிகரைக் கொட்டிட்டு வெறும் சக்கரத்தைக் கொண்டாந்தா வழியில காத்துப் பட்டு மறுபடி துரு ஏறிடும். ஆகவே ஜாடியை மூடி திறக்காம, ஆட்டாம, மடியில நேரா வெச்சுக்கிட்டு, நீயேதான் பஸ்ஸுல வரணும். வேற வழியே இல்லை, நான் எல்லாம் யோசிச்சுட்டேன். மாப்பிள்ளைக்கிட்ட குடுக்கலாமேன்னா, அவருக்கு வளைவுல வாந்தி வரும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமேன்னு கேட்பே. யார் தள்ளறது? வெலிகாவைக் கேட்டேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்களைத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன், இதுல வண்டி வேறயா"ன்னுட்டா.

இருபத்தாறாம் தேதிக்குள்ள வேணும். திமிதர் திருநாள், பெலா வோடாவுல திருவிழா. நம்ம மாமனார் ஊருக்கு நம்ம வண்டியிலயே ஒரு தடவை போகணும்னு எனக்கு ஆசை, அவ்வளவுதான். உன்னைப் பார்க்கணும்னு எல்லாம் ஒண்ணும் இல்லை. ஜாடி வந்தா போதும். ஆனா ஜாடிக்குக் கால் இல்லை, உனக்கு இருக்கு.

அந்தத் திருவிழா ஞாபகம் இருக்கா, சகலை? நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. போறப்ப நான் ஓட்டணும், வர்றப்ப நீ ஓட்டணும்னு நமக்குள்ள ஒப்பந்தம். ஆப்பிள் தோப்பு ஓரமா நான் ஓட்ட, நீ பின்னாடி உக்காந்து என் காதுலயே பாடிக்கிட்டு வந்தே, கழுதைக்குரல்ல. ஊர் நடுவுல பேண்டு வாசிக்கறாங்க, ரெண்டு அக்கா தங்கச்சி வட்டத்துல கைகோத்து ஆடறாங்க, மூத்தவ தொன்கா, இளையவ வெலிகா. இத்தனை வருஷம் கழிச்சு இதை எழுதறதுல என்ன தப்பு, நான் முதல்ல ஒரு சுத்து வர்றியான்னு கேட்டது தொன்காவைத்தான். சரின்னா. வண்டிக்கிட்ட வந்தா. உதைக்கிறேன், கிளம்பலை. இருபது உதை, முப்பது உதை. கூட்டுப் பண்ணையில டிராக்டர் ஓட்டினவ அவ, இன்ஜின்னா என்னன்னு தெரிஞ்சவ, டேங்க் மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு, சிரிக்காம நின்னு என்னையே பார்த்தா. எனக்கு வேர்த்துக் கொட்டுது. அந்தப் பாழாப்போன கிக்கர் பல்சக்கரம்தான் வழுக்குதுன்னு சொல்லிட்டு, பேண்டுக்காரங்க பக்கத்துல சுட்ட கறியைக் கடிச்சுக்கிட்டிருந்த உன்னைக் கூப்பிட ஓடினேன். நீ வந்தே. எண்ணெய்க் கையைப் பேண்ட்டுல துடைச்சே. ஒரே உதை. கிளம்பிடுச்சு. தொன்கா உன் பின்னாடி ஏறி உக்காந்து, என்னைப் பார்த்து டாட்டா காட்டிட்டுப் போயிட்டா. நான் ஏழு கிலோமீட்டர் நடந்தேன். துணைக்கு வெலிகா பாதி வழி வந்தா, வண்டியைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதான்னு திட்டிக்கிட்டே வந்தா, அந்தத் திட்டு இன்னும் முடியலை. குறை சொல்லலை. ஆனா அந்தச் சக்கரத்துல ஒரு பல் ஒழுங்கா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேர் வாழ்க்கையும் வேற மாதிரி ஆகியிருக்கும், அதான் அதைக் கையில எடுத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

தொன்கா போய் ரெண்டு வருஷம் முடிஞ்சுது. பெலா வோடா வீட்டுக் கதவுல ஒட்டின அவ படம் போட்ட நினைவஞ்சலித் தாள் மழையில வெளுத்துப்போச்சு, ரெண்டாம் வருஷத் தாளை நானும் வெலிகாவும்தான் போய் ஒட்டினோம். நீ வரலை. கோபம் இல்லை, வருத்தம்தான். நீ அறையை விட்டு வெளியவே வர்றதில்லை, பால்கனிக்குக்கூட போறதில்லைன்னு ஸ்னேஜா போன்ல அழறா. அழாதே, வயசானவங்க அப்படித்தான்னு சமாதானம் சொன்னேன். சொல்லிட்டு, கோழிக் கூண்டுக்குள்ள போய் உக்காந்து நானும் அழுதேன். உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, சகலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்பேனர்தான். அதனாலதான் ஆறு மாசமா அதையே பிடிச்சுக்கிட்டிருக்கேன்.

சரி, பேச்சு எங்கேயோ போயிடுச்சு. ஜாடி. நீல மூடி. மடியில. நேரா.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் திமிதர் சாமி நல்ல குளிர்காலத்தையும், வற்றாத பிளம்ஸ் சாராயத்தையும், வழுக்காத முழங்கால்களையும் தர வேண்டும். ஸ்னேஜாவுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சகலை
ராச்கோ

பின்குறிப்பு, வெலிகா எழுதுவது:

அத்தான், உறையை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என் கையில குடுத்துட்டு அவர் கோழிக்குத் தண்ணி வைக்கப் போயிருக்கார். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். அந்த ஜாடி விஷயத்துல ஒரு வரிகூட நம்பாதீங்க. நான் அனுப்பின பன்னிரண்டும் ஊறுகாய்தான், ஒவ்வொண்ணும் என் கையால மூடினது. நல்லாச் சாப்பிடுங்க. நீல மூடி ஜாடி நிலவறையில அதே தட்டுல இருக்கு, அது அவருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை அந்தச் சக்கரத்தை எடுத்து மாட்டினார். ஒரே உதை, வண்டி கிளம்பிடுச்சு. கோழியெல்லாம் கூரை மேல. தெருவே வாசலுக்கு வந்து கைதட்டுச்சு. யோவானா குதிக்கிறா. "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வாங்க"ன்னேன். பின்சீட்டைத் துணியால துடைச்சார். "போறதுக்கு நான் ஓட்டுவேன். திரும்பி வர யார் ஓட்டறது?"ன்னு கேட்டுட்டு இன்ஜினை அணைச்சுட்டார். சாயங்காலம் பார்த்தா, மாட்டின சக்கரத்தைக் கழட்டி மறுபடி வினிகர்ல போட்டு மூடிக்கிட்டிருக்கார். அப்புறம் பேப்பரும் பேனாவும் கேட்டார். நாலு நாளா எழுதினார்.

இன்னொண்ணு. அக்காவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்து நாப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காம இருந்தேன். இனிமே அவ என்னைத் திட்ட வரமாட்டா. அன்னிக்கு கிக்கர்ல ஒரு கோளாறும் இல்லை, அத்தான். டேங்க் மேல கை வெச்சுக்கிட்டு நின்னாளே, அதுக்கு அடியில பிளக் ஒயரைப் பிடுங்கிட்டுத்தான் நின்னா. இவர் உங்களைக் கூப்பிட ஓடினதும் திரும்பச் சொருகிட்டா. பாட்டுப் பாடிக்கிட்டு வந்த அந்தக் கழுதைக்குரல்காரன் பின்னாடிதான் ஏறுவேன்னு, நீங்க ரெண்டு பேரும் ஊருக்குள்ள நுழைஞ்சப்பவே என் காதுல சொல்லிட்டா. இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அந்தச் சக்கரத்தைத் திட்டாம அவரால இருக்க முடியாது.

இருபத்தஞ்சாம் தேதி காலையில எட்டேகால் பஸ். ஜாடி எதுவும் தூக்கிட்டு வரவேண்டாம். தடிமனான கோட்டு ஒண்ணு எடுத்துக்கோங்க, திரும்பி வர்றப்ப நீங்க முன்னாடி உக்காரணும், காத்து அடிக்கும்.