தாய்மாமன் பிடுங்கிய போர்வை

திருப்பூர்க்காரனுக்குத் தைக்கத் தெரியாது என்று வெளியூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற மேலாளர் என்று வேறு சொல்லிவிட்டால் போச்சு, கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டிவிடுவார்கள். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பது மட்டும்தான். (வீட்டில் சாம்பார் விஷயத்திலும் அப்படித்தான் என்பது என் மனைவி மல்லிகாவின் புகார்.)

என் தங்கை கவிதாவுக்கு, கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் முழங்கை நீளம்கூட இல்லை. தூக்கச் சொன்னார்கள். பயத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த வெட்கத்தை மறைக்க, தொட்டில் போடும் நாளில் தாய்மாமன் துணியாக என் கையாலேயே ஒரு போர்வை தைத்து வருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

"நான் தெச்சுத் தர்றேனுங்க. நீங்க தெச்சதுன்னு சொல்லிக்குங்க" என்றாள் மல்லிகா.

கேட்டேனா? திருப்பூர் ராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் அவளுடைய மெஷினில் உட்கார்ந்தேன். மேலே மஞ்சள் நிற இன்டர்லாக் பனியன் துணி, உள்ளே மெத்தென்றிருக்கக் கவிதாவின் பழைய பருத்திச் சேலை, நான்கு மூலையிலும் துணியில் வெட்டி வைத்த யானை. தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். ஒரு யானைக்குத் தும்பிக்கை வால் பக்கம் போய்விட்டது. கடைசி மூலையில் துணி மடிப்பு மடிப்பாகத் திரண்டு, ஊசி படக்கென்று உடைந்தது.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் சும்மா விடமாட்டோம். துண்டுகளைத் தேடி எடுத்துக் காகிதத்தில் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் டெய்லருக்கு அடுத்த ஊசி. தினமும் இதை ஓதுகிறவனே நான்தான். ஆகவே வீட்டிலும் தேடினேன். மெஷினில் ஒரு துண்டு, பாயில் ஒரு துண்டு. கிடைத்த சந்தோஷத்தில் காகிதத்தில் ஒட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன், நாலு பேரிடம் பெருமையடிக்கலாமே என்று.

விசேஷம் குன்னத்தூரில், கவிதாவின் மாமியார் வீட்டில். போர்வையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் மாமியார், எனக்கு அத்தை முறை, அதைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க தம்பி. எருமைங்களா இது?"

"யானைங்க அத்தை."

"ஆமாங்க, யானைதானுங்க" என்று உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு மரியாதை.

குழந்தையைப் போர்வையில் கிடத்தினார்கள். அந்த நேரம் பார்த்து, கவிதாவின் வீட்டுக்காரருக்கு எங்கள் ஏற்றுமதித் தரத்தை விளக்க அந்தக் காகிதத்தை எடுத்தேன். அப்போதுதான் நானே அதை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு துண்டும் பொருந்தவில்லை. நடுவில் ஓர் அரிசி நீளத்துக்கு ஊசியைக் காணோம்.

அது போர்வைக்குள்தான் இருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னால் கவிதா தாங்கமாட்டாள். "குழந்தைய எடுங்க அத்தை" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் எடுத்ததுதான் தாமதம், போர்வையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி பைக்கைக் கிளப்பிவிட்டேன். (மல்லிகாவை விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் உறைத்தது.)

எங்கள் பக்கம் தாய்மாமன் கோபித்துக்கொண்டு போனாலே பெரிய பேச்சாகிவிடும். கொடுத்த சீரையே திரும்பப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனை அதுவரை யாரும் கண்டதில்லை. எனக்குச் சந்தனம் கொடுக்கவில்லை, காபி ஆறிப்போயிருந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டார்களாம்.

நான் நேரே கம்பெனிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அந்தோணி அண்ணன் திறந்துவிட்டார். ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் போர்வையை விட்டேன். கத்தியது. இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி கத்தியது. அதையும் வெட்டினேன். (தையலைப் பிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.)

"பச்சப்பிள்ள போர்வைல்லா சார். இப்பிடி வெட்டுதீயளே" என்று திருநெல்வேலிக்காரரான அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உள்ளங்கை அளவு மூலை மிஞ்சியபோது, மடிப்புக்குள்ளிருந்து அது கிடைத்தது. குழந்தையின் கன்னத்தில் இது ஏறியிருந்தால் என்று நினைத்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக எப்போது அழுதேன் என்று நினைவில்லை. அன்று நன்றாக அழுதேன்.

வீட்டில் என்னைத் தேடிவிட்டு எல்லோரும் காரில் கம்பெனிக்கே வந்து இறங்கினார்கள். முன்னால் அத்தை, வெற்றிலை, பழம், புது வேட்டி வைத்த தட்டோடு. பின்னால் கவிதாவும் அவள் வீட்டுக்காரரும், குழந்தையோடு. கடைசியில் மல்லிகா, நான் சாம்பாரில் குற்றம் சொல்லும்போது வைத்துக்கொள்கிற அந்த முகத்தோடு.

"ஏனுங்க தம்பி, எங்க மேல தப்பிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. ஊட்டுக்கு வாங்க" என்று அத்தை தட்டை நீட்டினார்.

கையைத் திறந்து காட்டினேன். சுற்றிலும் யானைகள் தலை வேறு கால் வேறாகக் கிடந்தன. அத்தை ஊசித் துண்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லிப்போட்டு ஓடியிருக்கலாமில்லீங்க சாமி" என்றார்.

கவிதா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். "கொஞ்ச நேரம் நீங்களே வெச்சிருங்கண்ணா" என்றாள். மூச்சு விடக்கூடப் பயந்தபடி வைத்திருந்தேன். குழந்தை கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனது. உலகத்தில் அதைவிட எடை குறைவான, அதைவிடக் கனமான ஒன்றை நான் தூக்கியதில்லை.

வெட்டிய துண்டுகளை, மல்லிகா பக்கத்தில் நின்று அதட்ட அதட்ட, நானே மறுபடி சேர்த்துத் தைத்தேன். கம்பெனி மெஷினில் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். ஒட்டுப்போட்ட அந்தக் கோணல் போர்வை இல்லாமல் தங்கை மகளுக்கு இன்றுவரை தூக்கம் வராது.

நான் பிடுங்கிக்கொண்டு ஓடுவது விசேஷ வீடியோவில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அவள் பிறந்தநாள்தோறும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிற அவள், அதைப் பார்த்துப் பார்த்து என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். குன்னத்தூர் வாசலில் என் பைக் சத்தம் கேட்டால் போதும், உள்ளே ஓடிப்போய்ப் போர்வையைச் சுருட்டிப் போட்டு, அதன் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்ட பிறகுதான், "வாங்க மாமா" என்கிறாள்.