டிகிரி படித்த சாட்சி

அரிசி வாளிக்குள் கைப்பேசி மறுபடியும் அதிரத் தொடங்கியதும், பத்துமலை சட்டென்று மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, என்னோட இன்னொரு போன பாத்தீங்களா?" ஹாலில் நின்று, கையிலிருந்த போனால் அந்தப் போனை அழைத்துக்கொண்டே மகள் தினேஸ்வரி கேட்டாள்.

"இல்லயே." அதிர்வு முதுகெலும்பு வழியாக ஏறிக் கட்டுப்பல் வரை வந்துவிட்டது.

"அடிச்சாப் போவுது. எந்த வீட்ல வுட்டேன்னு தெரியலலா. அதுலதான் எல்லாரு நம்பரும் இருக்கு." ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பிப் போனாள்.

பெற்ற மகளின் போனை அரிசிக்குள் புதைக்கிற அளவுக்கு மனிதருக்கு என்ன வந்தது? பயம்தான். மகள் ஜெயிலுக்குப் போய்விடுவாளோ என்ற பயம்.

ரப்பர் தோட்டத்தில் மரப்பால் லோரி ஓட்டியவர் பத்துமலை. தோட்டம் செம்பனையாகி, அவர் புந்தோங் ஊருக்கு வந்து ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றபோதும், தோட்டத்துச் சட்டம் மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணிக்குத்தான் சம்பளம் அதிகம். கையில் ஸ்பானர் பிடித்தவனுக்கு எப்போதும் அதற்குக் கீழேதான்.

தினேஸ்வரியோ சமுதாயக் கல்லூரியில் குளிர்சாதனம் பழுது பார்க்கப் படித்தவள். அவள் சேர்ந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பெட்ரீசியா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அங்கலாம் படிச்சி என்னா கெடைக்கப் போவுதுண்ணே?" என்று ஆறுதல் சொன்னாள். அவள் மகன் ராட்னி காம்பார் பல்கலைக்கழகத்தில் டிகிரி முடித்தவன். தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு 'ஆபிசு'க்குப் போகிறவன். அந்த ராட்னி வீட்டுக் கூரையே இன்னும் ஒழுகிக்கொண்டிருக்க, பத்துமலை வீட்டுக்குப் புதுக்கூரை வந்தது. பிறகு வேன் வந்தது. கதவிலேயே ஐஸ் கொட்டும் குளிர்பெட்டியும் வந்தது. ஐஸ் கொட்டும் போதெல்லாம் பத்துமலை போலீசு வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ காசு எங்கேருந்து வருது?"

"ஏர்கோன்லதாம்ப்பா."

"ஏர்கோன்ல இவ்ளோவா?"

"வெயில் அடிக்குதுல்ல?"

இதெல்லாம் ஒரு பதிலா? பத்திரிகையைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் போனிலேயே ஊரை ஏமாற்றும் கும்பல். இவளும் போனில் அப்படித்தான் பேசுகிறாள்: "மொதல்ல டெபோசிட் போட்டுருங்கண்ணே, அப்பறம் ஆள் வரும்." போன் இல்லாவிட்டால் ஏமாற்ற முடியாதல்லவா? அதனால்தான் அரிசி வாளி.

வேன் தெருமுனையைத் தாண்டியதும் பத்துமலை மூடியைத் திறந்தார். போன் விடாமல் துடித்தது. பயந்து பயந்து காதில் வைத்தார்.

"ஹலோ! காசு கட்டியாச்சி, ஆளக் காணோம்! என்னா, ஏமாத்துறீங்களா?"

வைத்துவிட்டார். உடனே இன்னொன்று. மலாய்க்காரப் பெண் ஒருத்தி, பணத்தை வாங்கிக்கொண்டு ஒளிந்துகொண்டாயா, போலீசுக்குப் போகட்டுமா என்று மலாயில் கத்தினாள். பத்துமலை போனை அரிசிக்குள் முன்பைவிட ஆழமாகப் புதைத்தார். சந்தேகமாக இருந்தது இப்போது உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் ராட்னி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ படிச்ச புள்ள. தினேசு எங்க போறா, யாரப் பாக்குறான்னு பின்னாலயே போயி பாத்துச் சொல்லுய்யா."

ராட்னி கையை உருவிக்கொண்டான். "வேணாம் அங்கிள். அதெல்லாம் தோண்டாதீங்க."

"ஏன்டா?"

"வேணாம்னா வேணாம் அங்கிள்!"

பத்துமலை அழுதார். வயசானவர் அழுதால் டிகிரிக்காரன் என்ன செய்வான்? மறுநாள் சாயங்காலம் தலையைக் குனிந்தபடி வந்து ஒப்பித்தான்.

"காலையில லகாட்ல ஒரு பங்களா. அப்பறம் காம்பார்ல ஒரு ஹாஸ்டல், ரூம் ரூமா போனாங்க. மத்தியானம் கடையில மீ கோரெங் சாப்புட்டாங்க. கூட ஒரு முட்ட கேட்டாங்க, காரம் பத்தலன்னு கடக்காரரத் திட்டுனாங்க."

காரம்கூடத் தெரிகிற தூரத்தில் நின்று துப்பறிகிறானே என்று பத்துமலை அசந்துபோனார். "ஒன் ஆபிசு வேலய எப்பய்யா பாத்த?"

"ஆபிசு... லீவு அங்கிள்."

"சரி, அந்த ரூமுக்குள்ள என்னா நடக்குது?"

"அத மட்டும் கேக்காதீங்க! போலீசுக்குக் கீலீசுக்குப் போயிறாதீங்க அங்கிள், என் மானமே போயிரும்!"

"ஒன் மானமா?"

"இல்ல... அவங்க மானம்." டையைத் தளர்த்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

கும்பல் சாட்சியையே மிரட்டி வைத்திருக்கிறது! அன்று பத்துமலை தொண்டையில் சோறு இறங்கவில்லை. இறங்கினாலும், அந்த அரிசிக்குள் என்ன கிடந்தது என்று அவருக்குத்தானே தெரியும்.

அடுத்த நாள் காலை பெட்ரீசியா வேலியைச் சுற்றிக்கூட வரவில்லை. இடிந்திருந்த மூலை வழியாக நேராகப் பாய்ந்தாள்.

"அண்ணே! தினேசு வேன போலீஸ்காரங்க நடு ரோட்டுல மறிச்சி, ஸ்டேசனுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்! பாசார்க் கடைங்கள்ல எல்லாம் அதே பேச்சுதான்!"

பத்துமலை வாளிக்குள் கையை விட்டுப் போனைத் தோண்டி எடுத்தார். "ஐயோ, நாந்தான் வளர்த்தேன். என்னப் பிடிச்சிக்கிட்டு அவள வுட்றச் சொல்றேன். நீயும் வா பெட்ரீசியா. ஒன் மகன்தான் எல்லாத்தையும் பாத்த சாட்சி. அவளா செய்யல, கும்பல் மிரட்டிச்சின்னு அவன் சொன்னாப் போதும்."

"ராட்னியா? சாட்சியா?" பெட்ரீசியாவின் பயம் பாதி பெருமையாகிவிட்டது. "டிகிரிக்காரன் பேச்சுன்னா போலீசு மதிக்கும்ணே. இருங்க, சீல மாத்திட்டு வாரேன்." வரும்போது கைப்பையில் மகனின் பட்டமளிப்புப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்தாள்.

காவல் நிலையம் கொதித்தது. முகப்பில் தமிழ்க் கோப்பரல் ஒருவர் கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார். பத்துமலை கைப்பேசியை மேசையில் வைத்தார். நாலைந்து அரிசி மணிகள் உருண்டன.

"ஐயா, எல்லாத்துக்கும் நாந்தான் காரணம். எம்மகள வுட்ருங்க. ஏமாத்துன போன் இதுதான்."

பெட்ரீசியா இடித்துக்கொண்டு முன்னால் வந்து, உள் அறை வரை கேட்கும் குரலில், "சாட்சி இருக்குங்க சார்! எம்மகன் ராட்னி. டிகிரி!" என்று படத்தை நிமிர்த்தி வைத்தாள். உள்ளே ஏதோ இரும்பு கடகடவென்று ஆடியது.

கோப்பரல் போனை எடுத்துப் பார்த்தார். "அடக் கடவுளே! இதுக்குத்தான் நாங்களும் போன் அடிச்சி அடிச்சி ஓஞ்சி போனோமா? எங்க ஏர்கோன் படுத்துக்கிச்சி அங்கிள். ரிப்பேர் பொண்ணு போனே எடுக்கல. இன்னிக்கி ரோட்டுல வேனப் பாத்ததும் எங்க பெரிய ஆபிசரு மறிச்சி, கையெடுத்துக் கும்புட்டு, கூட்டிக்கிட்டு வந்துருக்காரு. அடுத்த மாசம் வரைக்கும் புக்கிங் ஃபுல்லாம்லா!"

பத்துமலை பெஞ்சில் அப்படியே சரிந்தார். வாடிக்கையாளர்களைக் காக்க வைத்து மகளை ஏமாற்றுக்காரி ஆக்கியது வேறு யாருமில்லை, அரிசி வாளிதான் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. "அப்ப... கூரை, வேன், எல்லாம்..."

"ஏர்கோன்லயா?" பெட்ரீசியாவுக்கு வாய் மூடவில்லை. "அவ்ளோ காசா? இருக்கட்டும் சார். என்னா இருந்தாலும் ஏணி ஏறுற வேலைதானே. எம்மகன் மாதிரி குளுகுளுன்னு ஆபிசுல உக்கார முடியுமா? அவனுக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டா?"

உள்ளே மறுபடியும் கடகடவென்று சத்தம். "டேய், ஒழுங்காப் புடிடா!" என்று தினேஸ்வரியின் குரல் கேட்டது.

கோப்பரல் பட்டமளிப்புப் படத்தைக் கையில் எடுத்து, நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். "போன் எதுக்கு ஆண்ட்டி, இவருதான் உள்ள அவங்களுக்கு ஹெல்ப்பரா ஏணியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, ஒங்க கொரல் கேட்டதுலேருந்துதான் ஏணி இந்த ஆட்டம் ஆடுது."