நான் தைக்காத பிரா

என் மனைவிக்கு நானே பிரா தைத்துக் கொடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன்.

சிரிக்காதீர்கள். நான் தையல்காரன். வீட்டு முன்ரூம்தான் கடை. ஆண்களுக்கு மட்டும் தைப்பவன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனவன் வேலையோடுதான் திரும்புவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான் என்பது வேறு விஷயம்.

என் மனைவி கொஞ்சம் தாராளமான உடம்புக்காரி. மேல்பக்கம் இன்னும் தாராளம். எங்கள் கடைத்தெருவில் அவள் அளவுக்கு எதுவும் கிடைக்காது. கிடைப்பது ஒன்று பக்கவாட்டில் பிதுக்கும், இல்லாவிட்டால் முதுகில் ஏறிக்கொள்ளும். பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளமே விழுந்துவிட்டது. சாயங்காலமானால் கழுத்துவலி. எப்போதும் கொஞ்சம் குனிந்தே நடப்பாள்.

"என்னங்க, டவுன்ல இதுக்குன்னே ஒரு கடை இருக்காம். அளவெடுத்து, போட்டுப் பார்த்து வாங்கலாமாம். ஒருநாள் போயிட்டு வரலாமா?"

"எதுக்குன்னே?"

"பிராவுக்குன்னே."

நான் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். "மெதுவா சொல்லேன்!"

"பிரான்னு சொன்னா வாய் வெந்துடாதுங்க."

"அதில்ல. தையல்காரன் பொண்டாட்டி, தைச்ச துணி வாங்க பஸ் ஏறிப் போறதா? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேருக்கும் தோள் வலிக்கலீங்க. எனக்குத்தான் வலிக்குது."

"நானே தைச்சுத் தரேன். இத்துனூண்டு துணி. ஒரு காலர் தைக்கிற நேரம்கூட ஆகாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, தைங்க" என்றாள்.

சட்டைக்கு எடுப்பது போலவே அளவெடுத்தேன். இரண்டு சட்டைப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் ஒரு பட்டி ஓட்டினேன். அவள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. பேனா எந்தப் பக்கம் சொருகணும்?"

அடுத்ததை விறைப்பாகத் தைத்தேன். காலருக்குள் வைக்கும் கேன்வாஸை வைத்து, மேலே அழுத்தமாக இஸ்திரி போட்டேன். மாட்டிக்கொள்ள உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"நான் திரும்பிட்டேன். அது இன்னும் திரும்பல."

மூன்றாவதற்குக் கொக்கி கிடைக்காமல் பொத்தான் வைத்தேன். பொத்தான் தைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் ஒரே ஒரு தும்மல் தும்மினாள். கடைக் கண்ணாடியில் இன்றைக்கும் விரிசல் இருக்கிறது.

எனக்கு முகம் செத்துவிட்டது. அவள்தான் இரக்கப்பட்டு, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிராவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதைப் பிரிச்சுப் பாருங்க. சூட்சுமம் தெரியும்."

"உன்கிட்ட இருக்கறதுல இது ஒண்ணுதானே ஏதோ சுமாரா இருக்கும்?"

"பரவாயில்லைங்க. தொழில் கத்துக்கறதுன்னா சும்மாவா?"

பிரித்தேன். வெட்டுமேஜை மேல் ஒவ்வொரு துண்டாகப் பரப்பினேன். பரப்பப் பரப்ப எனக்கு வாய் திறந்துகொண்டது.

ஒரு துண்டுகூட நேராக இல்லை. எல்லாம் வளைவு. ஒரு துணி நீளவாக்கில் இழுபடும், அகலவாக்கில் அசையாது. இன்னொன்று நேர்மாறு. மெல்லிய உறைக்குள் பிறைநிலா மாதிரி ஒரு கம்பி. பாரத்தைத் தோள்பட்டைதான் தூக்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இழுத்துப் பார்த்தால், முக்கால்வாசி பாரத்தையும் உடம்பைச் சுற்றி ஓடும் அந்த அடிப்பட்டை வாங்கிக்கொள்கிறது! இது துணியே இல்லை. பாலம். தொங்கு பாலம்! எவளோ ஒரு மகராசி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள். தட்டையான துணியைத் தட்டையான ஆட்களுக்குத் தைத்துவிட்டு இத்தனை காலமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்குத் தையல் தெரியும். பெண்ணுக்கும் தையல் என்று ஒரு பெயர் உண்டே, அந்தத் தையலைத்தான் தெரியவில்லை.

மேஜையைப் பார்த்துக் கும்பிடலாம் போல இருந்தது. திரும்பச் சேர்க்க மட்டும் முடியவில்லை.

"ஆச்சாங்க?"

"ஒரு துண்டு மிச்சமாகுது."

"அப்ப நான் நாளைக்கு எதைப் போட்டுக்கிட்டு வெளிய போறது?"

"டவுனுக்கு பஸ் எப்போ?" என்றேன்.

மறுநாள் போனோம். கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு. மடியில் ஆளுக்கொரு கைப்பையோடு கணவன்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் இருந்தேன். உள்ளே என்னதான் நடக்கிறதோ, பேச்சும் சிரிப்புமாக நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. என் மனைவி ஜாடையில் ஒரு பெண் வந்தாள்.

கழுத்து நீண்டிருந்தது. தோள்கள் நேராக இருந்தன. காலையில் உடுத்தியிருந்த அதே பழைய சேலை, புதுசு மாதிரி விழுந்திருந்தது. அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"முழு மூச்சு விட முடியுதுங்க" என்றாள்.

நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. என்னைவிட உயரம்! கல்யாணமானதிலிருந்து குனிந்து குனிந்தே என் உயரத்துக்கு இருந்திருக்கிறாள். இது தெரியாமல் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லா... நல்லா உக்காந்திருக்கு" என்றேன். தொழில்காரனுக்கு அதற்கு மேல் வார்த்தை வராது.

தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு டீச்சர் பிடித்துக்கொண்டார். கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் அவருக்கு.

"அடியே! என்னடி இப்படி நிமிர்ந்து நடக்கறே? எங்கடி வாங்கினே?"

மானம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் வீட்டுக்காரர் தயவுதாங்க டீச்சர்" என்றாள் அவள். "நாள் பூரா மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்ல, பாவம்."

ஆகா! ஒரு சொட்டுப் பொய் கிடையாது. என் மானமும் போகவில்லை. இப்படி ஒருத்தி எனக்கு மனைவியாக வாய்த்தாளே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

காலையில் கடைக்கதவைத் திறந்தேன். டீச்சர் நின்றார். டீச்சரின் தங்கை. மூலைவீட்டு நர்ஸ். பேக்கரிக்காரர் மனைவி. அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். எல்லோரும் லேசாகக் குனிந்து, எல்லோரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. எங்கள் தெருவில் இத்தனை தோள்வலியா! அசந்து நின்றுவிட்டேன்.

"தம்பி, அவளுக்குத் தைச்ச மாதிரியே எனக்கும் ஒண்ணு" என்றார் டீச்சர்.

உள்ளே ஓடினேன். "ஏய், வாசல்ல கூட்டம் நிக்குது!"

"நல்லதுதானே. தைச்சுக் குடுங்க."

"நான் எங்கடி தைச்சேன்?"

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க. என் பொண்டாட்டி பஸ் ஏறிப் போய்க் கடையில வாங்கினான்னு."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. "வேற வழியே இல்லையா?"

அவள் நிதானமாகக் கையைத் துடைத்தாள். "முன்ரூமை எனக்கு விட்டுக்குடுங்க. நான் பாத்துக்கறேன். அந்தக் கடைக்காரம்மாகிட்ட பேசி வெச்சிருக்கேன், சரக்கு அனுப்பறாங்க. அளவெடுக்கவும் கத்துக்கிட்டேன்."

"எப்போ?"

"நீங்க பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருந்தப்போ."

"அப்போ நான் பிரிச்சுப் போட்ட அந்த பிரா?"

"அது கம்பி உடைஞ்சு போனதுங்க. நீங்க கவனிக்கலையா?"

பிராவில் கொக்கி எப்போதும் முதுகுப்பக்கம்தான் இருக்கும். மாட்டுவது கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

என் மிஷின் பின்கட்டுக்குப் போனது. முன்ரூமுக்குத் திரை வந்தது. குனிந்து உள்ளே போகிறவர்கள் நிமிர்ந்து வெளியே வருகிறார்கள். தெருவே ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ஓரமாக நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கத்தரிக்கோலை எடுக்க முன்ரூம் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"ஜென்ட்ஸ் டெய்லர் பின்பக்கம் இருக்காருங்க, அங்க போய்ப் பாருங்க!"