நான் எயார்பேக் கழற்ற, ஊர் ஓடியது

மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இது ஒரு வியாதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதில் அப்பாவின் வானொலியைத் திறந்தேன். அதற்குப் பிறகு அது வாயே திறக்கவில்லை. பல்கலைக்கழக விடுதியில் தண்ணீர் மோட்டரைத் திறந்தேன். இரண்டு நாட்கள் விடுதியில் ஒருவரும் குளிக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவனை நம்பி ஒரு பாடசாலை விஞ்ஞானம் படிப்பிக்க விட்டது. அதைவிடப் பெரிய பிழையை என் மாமனார் செய்தார். தன் காரின் திறப்பை, அந்தச் சாவியை, என் கையில் தந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார். உன்னிச்சையில் வயலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்த நான் அப்படித்தான் ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்தேன். வந்து ஒன்பது மாதமாகியும் எனக்கு மட்டும் சாசர் வைத்த கோப்பையில்தான் தேநீர் வரும். மாமா என்னோடு பேசுவதற்கு முன் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார். அது மரியாதை என்பாள் என் மனைவி தாரணி. எனக்கோ, விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று எல்லாரும் காத்திருப்பதுபோல இருக்கும். நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று ஒருமுறையாவது அவர்கள் நினைக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை.

அந்த நேரம் பார்த்து மாமாவின் காரில் ஹோன் அடிக்காமல் போனது.

"திங்கக்கிழம கராஜுக்குக் கொண்டு போகணும்" என்றார் மாமா.

"என்னத்துக்கு மாமா? நான் பாக்கிறன்" என்றேன்.

மாமா மாமியைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தார். தாரணி வானத்தைப் பார்த்தாள் (அவளுக்கு வானொலிக் கதை தெரியும்). கடைசியில் திறப்பை என் கையில் வைத்துவிட்டு மாமா சைக்கிளில் தன் பலசரக்குக் கடைக்குப் போனார்.

அன்று சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. காரை ஜம்பு மரத்துக்குக் கீழே நிறுத்தி, போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். அதில் பேசிய மனிதரின் மொழி என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கை பேசியது. ஹோன் ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கிறது. அதற்கு மேலே எயார்பேக் இருக்கிறது. கார் எங்காவது மோதினால் பலூன்போல விரிந்து நம் முகத்தைக் காப்பாற்றும் அதே பைதான். அதைக் கழற்றினால்தான் ஹோனைத் தொடலாம். பற்றரியைக் கழற்றாமல் அதில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அவர் காட்டினார். இரண்டு கையையும் விரித்து, கண்ணை உருட்டி, "டும்!" என்றார். அது மட்டும் தெளிவாக விளங்கியது.

பற்றரியைக் கழற்றினேன். சாசர் வைத்த தேநீரைக் குடித்தபடி பத்து நிமிடம் காத்திருந்தேன். ஸ்டியரிங்கின் பின்பக்கம் மூன்று துளைகள். ஒவ்வொன்றிலும் ஸ்குறூட்ரைவரை விட்டு உள்ளே இருக்கும் கம்பியைத் தள்ள வேண்டும். முதலாவது விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவது அசையவே இல்லை. தள்ளினேன், நெம்பினேன், ஆசனத்தில் முழங்காலை ஊன்றி இழுத்தேன்.

தாரணி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்க, ஏலாட்டி விடுங்களன்."

"ஆர் ஏலா எண்டது?" என்று கேட்டு இன்னும் ஒரு இழுவை இழுத்தேன். 'டக்' என்றது. எயார்பேக் மொத்தமாகப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் எடுத்து ஓரமாக வைத்திருக்க வேண்டும். பற்றரிதான் கழற்றியாயிற்றே. ஆனால் கண்முன்னே அந்த வீடியோக்காரர் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமி என்னவோ சத்தம் என்று என் பக்கம் வர, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒருத்தரும் கிட்ட வராதீங்க! வெடிக்கும்!"

எங்கள் ஊர்களில் அந்தச் சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும், எது வெடிக்கும், ஏன் வெடிக்கும் என்று நின்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. மாமியின் கையிலிருந்த மீன் சட்டி அப்படியே கீழே விழுந்தது. "ஓடுங்க புள்ளையள்!" என்று ஒரு குரல். பிறகு வேலிக்கு வேலி அந்தக் குரல் தாவியது. படலைகள் திறந்தன. நான் மெல்லக் காரை விட்டு இறங்கியபோது வீட்டில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை. எதிர் வீட்டில் குழம்பு மட்டும் தனியே கொதித்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் எங்கே போனார்கள் என்று எனக்கு அறியும் ஆவல். (சொன்னேனே, வியாதி.) கையிலிருந்ததைக் கீழே வைக்கவும் பயம். நெஞ்சுக்கு முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தேன். ஒழுங்கை முடிவில், கோயில் வீதியில் ஊரே நின்றது. விளக்கம் சொல்லலாம் என்று அவர்களை நோக்கி நடந்தேன். ஊர் திரும்பி மறுபடி ஓடியது. நான் நின்றால் ஊர் நின்றது. நான் நடந்தால் ஊர் ஓடியது.

ஒரே ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமாக வந்தார். மாமா. சைக்கிளைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மருமகன், அதக் கீழ வைங்க. வெச்சிட்டு இஞ்சால வாங்க."

"மாமா, இது ஹோனுக்கு மேல இரிக்கிற..."

"என்னவாயும் இரிக்கட்டும். நீங்க வாங்க."

அதற்குள் யாரோ பொலிசுக்குப் போன் எடுத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் சிங்களவர். நான் மணலில் வைத்திருந்த சாமானைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"இது கார் எயார்பேக் நே?"

"ஓம் சேர்."

"அப்ப ஏன் ஊர் எல்லாம் ஓடினது?"

"நான்தான் சேர், வெடிக்கும் எண்டு கத்தினன்."

"நீங்க என்ன வேலை?"

"விஞ்ஞானம் படிப்பிக்கிறன்."

கையிலிருந்த கொப்பியில் ஒன்றும் எழுதாமலே அவர் அதை மூடினார்.

கோயில் வீதியில் சிரிப்புத் தொடங்கியது. ஆளாளுக்கு எதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எதிர் வீட்டு அக்கா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஸ்குறூட்ரைவரும் இல்லாமல் அதை எப்படி அவ்வளவு கெதியாகக் கழற்றினார் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் கேட்கவில்லை. ஏறக்குறைய எல்லார் கையிலும் ஒரு பை இருந்தது. காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, நகை என்று எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. இத்தனை வருடமாக அவற்றைக் கட்டி ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. இவர்களையா ஒரு ஹோனுக்காக ஓட வைத்தேன் என்று அழுகையே வந்தது.

மாமி மணலில் உட்கார்ந்து, மீன் கழுவிய ஈரக் கையால் தூக்கி வந்த பை நனைந்துவிட்டதா என்று பார்க்கத் தன் கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினார். வீட்டு உறுதி. தாரணியின் பிறப்புச் சான்றிதழ். அதற்குக் கீழே என் பிறப்புச் சான்றிதழ். என் பட்டம். என் நியமனக் கடிதம்.

"மாமி, இது என்ட பெட்டிக்குள்ளயெல்லோ கிடந்த?"

"கலியாணம் முடிஞ்ச கிழமையே எடுத்து இதுக்குள்ள வெச்சிட்டன் மனே" என்றார், என்னை நிமிர்ந்தும் பார்க்காமல். "ஓடக்குள்ள ரெண்டு பையத் தேட ஏலுமா?"

ஒன்பது மாதமாக நான் விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், முதல் வாரத்திலேயே என்னையும் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

ஹோனைத் திங்கட்கிழமை கராஜ்காரர் சரிசெய்தார். வெள்ளிக்கிழமை தோறும் மாமி ஸ்டியரிங்கின் நடுவில் வைத்த சந்தனம் இடுக்கால் இறங்கி உள்ளே சீமெந்தாக இறுகியிருந்ததாம். நான் அதைக் கிட்ட நின்று பார்க்க ஆசைப்பட்டேன். மாமா விடவில்லை.

இப்போது அந்தப் பையில் எங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. வீட்டில் மின்விசிறி நின்றாலும், மிக்சி மக்கர் பண்ணினாலும் நான் ஸ்குறூட்ரைவரைத் தேடிப் போவேன். உடனே குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வரும்.

"பைய எடுக்கவா மனே?"